ஜனவரிக்கு ஒரு விளக்கு

2019 அக்டோபர் 2, காந்தியின் 150-வது பிறந்தநாள். டெல்லி இந்திரா காந்தி உள்விளையாட்டரங்கில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு சோலார் மேசை விளக்கைத் தங்கள் கையாலேயே கோத்து எரியவிட்டார்கள். மும்பை ஐ.ஐ.டி.யும் மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து நடத்திய பயிலரங்கு அது. கின்னஸிலும் இடம் கிடைத்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 9 அன்று, ஸ்டாக்ஹோமிலிருந்து வேறொரு செய்தி: லித்தியம் அயான் பேட்டரிக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல். அதற்கு ஐந்து ஆண்டு முன்பு, 2014-இல், நீல எல்.இ.டி.க்காக இயற்பியல் நோபல் அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் போயிருந்தது.

இன்றைக்குக் கடையில் கிடைக்கும் உதிரிகளை வாங்கி ஒரு சோலார் விளக்கைக் கோத்தால், அந்த இரண்டு நோபலும் ஒரே கூட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். கோப்பதற்கு ஒரு மதியம் போதும். சால்டரிங் அயர்னைப் பிடிக்கத் தெரிந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். அதனால் அதை எப்படி எரியவைப்பது என்பதில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. டெல்லியில் செய்த விளக்கு டெல்லி ஜனவரியைத் தாண்டுமா என்பதுதான் கேள்வி. மே மாதத்தில் எந்த விளக்கும் எரியும்.

யாருக்கு இந்த விளக்கு என்று கேட்பவர்கள் யமுனைக் கரைக்கு ஒருமுறை போய் வரலாம். மயூர் விஹாரை ஒட்டிய சில்லா காதரில் காய்கறி பயிரிடும் குடும்பங்கள் மின் இணைப்பே இல்லாத குடிசைகளில் இருக்கின்றன. மெட்ரோ ரயில் விளக்கு போட்டுக்கொண்டு தலைக்கு மேலே போகும்; கீழே கூரையில் ஒரு சின்ன பேனல், உள்ளே ஒரு பல்பு. டெல்லியின் மற்ற பகுதிகளில் இது ஒரு பொழுதுபோக்கு. அங்கே அதுதான் வீட்டு விளக்கு.

முதலில் வெயில். ஆண்டுச் சராசரியாக டெல்லிக்குக் கிடைப்பது, நாளொன்றுக்குச் சுமார் ஐந்து மணி நேர உச்சிவெயிலுக்குச் சமம். காலை மாலை இளவெயிலையெல்லாம் சேர்த்து, சதுர மீட்டருக்கு 1,000 வாட் என்ற முழு வெயிலாகச் சுருக்கிச் சொல்லும் கணக்கு இது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சராசரியை நம்பி விளக்கு செய்தால் டிசம்பர் கடைசியில் இருட்டில் உட்கார வேண்டியதுதான். பனிமூட்டம் வந்து கவிந்தால் நாள் முழுவதும் இரண்டு உச்சிவெயில் மணி தேறினாலே அதிகம். அதன்மேல் புகை. இயான் மரியஸ் பீட்டர்ஸ் என்ற விஞ்ஞானியும் சகாக்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், காற்று மாசினால் மட்டுமே டெல்லியின் சிலிக்கான் பேனல்களுக்கு வரவேண்டிய வெயிலில் ஆண்டுக்கு 11 சதவீதத்துக்கு மேல் நின்றுபோவதாகக் கண்டார்கள். இது வானத்தில் நிற்கும் தூசின் கணக்கு. பேனல்மேல் வந்து படியும் தூசு தனி. குளிர்காலத்தில் இரவுப்பனியும் தூசும் சேர்ந்து கண்ணாடிமேல் மெல்லிய சேறாக ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பதைவிட மலிவான தொழில்நுட்பம் இதில் எதுவுமில்லை.

கையில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் இன்னொரு வேடிக்கையையும் பார்க்கலாம். எதிர்வீட்டு மொட்டைமாடி தெரியாத ஒரு டிசம்பர் காலையில் 6 வோல்ட் பேனலின் இரண்டு கம்பிகளிலும் மீட்டரை வைத்தேன். 6.7 வோல்ட் என்றது. அட, சொன்னதைவிடக் கூடுதல்! அதே மீட்டரை ஆம்பியர் பக்கம் திருப்பி வைத்தால் 60 மில்லி ஆம்பியர். நல்ல வெயிலில் 800-க்கு மேல் தரவேண்டிய பேனல் அது. ஒளி குறையும்போது மின்னோட்டம் அதே விகிதத்தில் விழுந்துவிடும். வோல்ட்டேஜ் கொஞ்சம்தான் இறங்கும். குளிரில் அது ஏறவும் செய்யும். அதனால் "வோல்ட் காட்டுது, பேனல் நல்லாத்தான் இருக்கு, பேட்டரிதான் போச்சு" என்று யாராவது சொன்னால் ஆம்பியரைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். சின்ன பேனலின் இரு முனைகளையும் நேரடியாக இணைத்து ஆம்பியர் பார்ப்பதில் ஆபத்தில்லை. பேனலால் அதன் அளவுக்குமேல் மின்னோட்டம் தர முடியாது. பேட்டரியில் மட்டும் அதைச் செய்துவிடாதீர்கள்.

வெயில் காலத்தில் கதை தலைகீழ். ஒரு சிலிக்கான் செல் தருவது சுமார் அரை வோல்ட். 6 வோல்ட் பேனலில் அப்படிப் பன்னிரண்டு செல்கள் தொடராக இருக்கும். ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஒவ்வொரு செல்லும் இரண்டு மில்லிவோல்ட்டுக்குச் சற்று அதிகமாக இழக்கிறது. மே மாதம் காற்றே 44 டிகிரி என்றால் பேனலின் உடம்பு 65-ஐத் தொடும். பன்னிரண்டு செல்லுக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒரு வோல்ட் காணாமல் போய்விடும். 5 வோல்ட் பேனல் போதாதா, எதற்கு 6 என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இந்த சிலிக்கான் செல்களின் இந்தியக் கதையும் டெல்லி வாசலில்தான் தொடங்குகிறது. யமுனையைத் தாண்டி உத்தரப் பிரதேச எல்லைக்குள் நுழைந்ததும் வரும் சாகிபாபாத்தில் சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் இருக்கிறது. இந்தியாவின் முதல் சோலார் செல் அங்கே 1977-இல் உருவானது. அடுத்த ஆண்டே முதல் பேனல்.

சரி, கணக்குக்கு வருவோம். படிக்கவும் சமைக்கவும் போதுமான வெளிச்சத்துக்கு ஒரு வாட்டுக்குச் சற்றுக் குறைவான எல்.இ.டி. போதும், நூறு லூமன் வரும். மண்ணெண்ணெய்ச் சிம்னியைப்போலப் பல மடங்கு. 0.9 வாட், இரவுக்கு ஐந்து மணி நேரம் என்றால் 4.5 வாட்-மணி. வரவுப் பக்கத்தில் ஜனவரியின் மோசமான நாளை வைத்துக்கொள்கிறேன்: இரண்டு உச்சிவெயில் மணி. 5 வாட் பேனல் என்றால் 10 வாட்-மணி. அதில் பாதியைத் தள்ளிவிடுவேன். ஏனென்றால் எளிய சார்ஜர் போர்டில் பேனல் தன் விருப்பமான 6 வோல்ட்டில் வேலை செய்யாது, பேட்டரியின் 3.3 வோல்ட்டை ஒட்டி இறங்கி நிற்கும். 0.8 ஆம்பியரை 6-ஆல் பெருக்கினால்தான் 5 வாட், 3.5-ஆல் பெருக்கினால் 3 வாட்கூட இல்லை. மிச்சத்தைத் தூசும் கம்பியும் எடுத்துக்கொள்ளும். ஆக 5 வாட்-மணி வரவு, 4.5 செலவு. இழுத்துப் பிடித்தால் சரி. 3 வாட் பேனல் போதும் என்று கடைக்காரர் சொல்வது மார்ச்சுக்குப் பொருந்தும்.

பேனலைச் சாய்க்கும் கோணத்திலும் ஜனவரிதான் எஜமான். டெல்லி 28.6 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 38 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதே நேரம் சென்னையில் 53-க்கு மேல். எனவே டெல்லியில் பேனலைத் தெற்கு நோக்கி, கிட்டத்தட்ட 50 டிகிரிக்கு நிமிர்த்தி வைக்க வேண்டும். தெற்குப் பார்த்த பால்கனி கம்பியில், அடிப்பக்கத்தைச் சற்று வெளியே தள்ளிச் சாய்த்துக் கட்டினாலே ஏறக்குறைய அந்தக் கோணம் வந்துவிடும். ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸ்காரர்கள் மொட்டைமாடிச் சாவிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கோடையில் சூரியன் தலைக்குமேல் ஏறிவிடும், அந்தச் சாய்வு பேனலுக்கு நஷ்டம்தான். ஆனால் கோடையில்தான் வரவு வழிகிறதே!

இப்போது பேட்டரி. சோலார் விளக்குகள் சாவது பெரும்பாலும் இங்கேதான். முன்பு அரசு தரநிர்ணயத்தில் வந்த சோலார் லாந்தர்கள் நினைவிருக்கலாம்: 10 வாட் பேனல், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி, 7 வாட் சி.எஃப்.எல். பேட்டரி மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல். சரியாகச் சார்ஜ் ஆகாமல் பாதி வயிற்றோடு கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிடும். பனிக்காலத்தில் நாள்கணக்கில் அரைகுறையாகச் சார்ஜ் ஆகும் விளக்குக்கு இதைவிடப் பொருத்தமில்லாத பேட்டரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். லாந்தர்கள் பரணில் ஏறியதற்கு பேனலைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதை வேறு வழியில் சமாளித்தது டெல்லியின் டெரி நிறுவனம். 'லைட்டிங் எ பில்லியன் லைவ்ஸ்' என்ற அவர்களுடைய திட்டத்தில் கிராமத்துக்கு ஒரு சார்ஜிங் நிலையம், கூரைமேல் பேனல்கள், பகலில் லாந்தர்கள் அங்கேயே சார்ஜ் ஆகும், மாலையில் உள்ளூர்க்காரர் ஒருவர் அவற்றை நாள் வாடகைக்குக் கொடுப்பார். விளக்கு தினமும் திரும்பி வருவதால் எது தளர்கிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் இலவசமாக ஒரு லாந்தரைக் கொடுத்துவிட்டுப் போவதைவிட இது புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

இன்று நமக்கு வேறொரு பேட்டரி கிடைக்கிறது: லித்தியம் இரும்பு பாஸ்பேட். கடைகளில் எல்.எஃப்.பி. செல் என்று கேட்டால் தெரியும். 32 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் உயரம், கட்டை விரலைவிடத் தடிமனான உருளை. 3.2 வோல்ட், 6 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 19 வாட்-மணி. நம் விளக்கு ஒரு சொட்டு வெயில்கூட இல்லாமல் நான்கு இரவு எரியும். எடை 140 கிராம்.

இந்த 3.2 வோல்ட் எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு தமிழரின் கை இருக்கிறது. தமிழ்நாட்டின் அமரபுரம் கிராமத்தில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் 1981-இல் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், பிறகு ஆக்ஸ்ஃபோர்டிலும் டெக்சாஸிலும் குட்இனஃபோடு வேலை செய்தார். அப்போது பேட்டரிக்குக் கோபால்ட் தேவைப்பட்டது. இரும்பு மலிவு, ஊரெங்கும் கிடைப்பது. ஆனால் இரும்பு ஆக்சைடை மின்முனையாக வைத்தால் 2.5 வோல்ட்டைத் தாண்டாது. மந்திரமும் குட்இனஃபும் 1980-களின் பிற்பாதியில் ஆக்சிஜனைத் தனியாக விடாமல், மாலிப்டினம், டங்ஸ்டன், கந்தகம் போன்ற தனிமங்களோடு இறுகப் பிணைந்த கூட்டு அயனிகளாக வைத்துப் பார்த்தார்கள். இரும்பு மாலிப்டேட் 3 வோல்ட் தந்தது. இரும்பு சல்ஃபேட் 3.6 வோல்ட்! கந்தகம் ஆக்சிஜனின் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் பலமாக இழுப்பதால் இரும்பின்மேல் ஆக்சிஜனுக்குள்ள பிடி தளர்கிறது, வோல்ட்டேஜ் ஏறுகிறது. இந்தப் பாதையில்தான் 1997-இல் பாதி (Padhi), நஞ்சுண்டசுவாமி என்ற இரண்டு இந்தியப் பெயர்களோடு சேர்ந்து குட்இனஃப் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டார். 2019 டிசம்பரில், 97 வயது குட்இனஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம்தான். நம் பத்திரிகைகள் இதை இன்னும் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருக்கலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்தது. வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.; மேலே மஞ்சள் பாஸ்பர் பூச்சு. நீல ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு ஏறக்குறைய 2.7 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். ஆகவே 2.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் எல்.இ.டி. ஏறக்குறைய அணைந்தேவிடும். எல்.எஃப்.பி. செல் காலியாகும் எல்லை எது தெரியுமா? 2.5 வோல்ட். அதற்குக் கீழே இறக்கினால் செல் கெடும். அதாவது செல் ஆபத்தைத் தொடுவதற்கு முன்பே எல்.இ.டி. தானாகக் கைவிட்டுவிடுகிறது. இரண்டு வேறு ஆய்வகங்களில், ஒன்றை ஒன்று அறியாமல் பிறந்த இரண்டு பொருட்கள் இப்படிப் பொருந்தி வருவது தற்செயல்தான். ஆனாலும் என்ன பொருத்தம்! இதை நம்பிப் பாதுகாப்பு போர்டை விட்டுவிடச் சொல்லவில்லை. ஷார்ட் ஆனால் காக்க அது வேண்டும்.

இன்னொரு லாபமும் உண்டு. சாதாரண லித்தியம் அயான் செல் 4.2 வோல்ட்டில் தொடங்கி 3-க்கு இறங்கும். விளக்கும் மாலையில் பளிச்சென்றும் பத்து மணிக்கு மங்கலாகவும் இருக்கும். எல்.எஃப்.பி. கடைசிவரை 3.2-ஐ ஒட்டியே நிற்கும். ஒரே ஒரு பெரிய எல்.இ.டி.யை வைக்காமல் பத்துச் சிறிய எல்.இ.டி.களை இணையாக வைத்து, ஆளுக்கு 30 மில்லி ஆம்பியர் கொடுங்கள். குறைந்த மின்னோட்டத்தில் ஒவ்வொன்றும் 2.9 வோல்ட்டிலேயே எரியும், சூடாகாது, அதே வாட்டுக்கு வெளிச்சமும் கூடும். 3.2-க்கும் 2.9-க்கும் இடையிலுள்ள 0.3 வோல்ட்டை 0.3 ஆம்பியரால் வகுத்தால் ஒரு ஓம். அந்த ஒற்றை ரெசிஸ்டர்தான் மொத்த டிரைவர் சர்க்யூட்டும்.

உதிரிகள் வாங்க, சென்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட் எப்படியோ டெல்லிக்கு லாஜ்பத் ராய் மார்க்கெட். செங்கோட்டைக்கு நேர் எதிரே, சாந்தினி சௌக் தொடங்கும் முனையில். பக்கத்திலேயே, ஒரு காலத்தில் பேகம் சம்ருவின் மாளிகையாக இருந்த பாகீரத் பேலஸ், இன்று மின்சாமான் மொத்த விற்பனைச் சந்தை. இங்கே இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது சார்ஜர் போர்டு. எந்தக் கடையிலும் முதலில் கைக்கு வருவது டிபி4056 சிப் வைத்த நீலநிறச் சின்ன போர்டு. நல்ல சரக்குதான், ஆனால் 4.2 வோல்ட்டில்தான் சார்ஜை நிறுத்தும். எல்.எஃப்.பி. செல்லை 3.6-இல் நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும்படி டிபி5000 சிப் வைத்த போர்டுகள் வருகின்றன, 3.6-க்கு வைத்திருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் செல்லை இணைக்க வேண்டும். கடையில் "ஏக் ஹி பாத் ஹை", இரண்டும் ஒன்றுதான், என்பார்கள். ஒன்றே அல்ல.

இரண்டாவது, செல்லின்மேல் அச்சிட்ட எண். 18650 என்ற அளவுள்ள லித்தியம் செல்லில் 9,800 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டு விற்பார்கள். அந்த அளவில் உலகின் சிறந்த தயாரிப்பாளர்களின் செல்லே 3,600 பக்கம்தான் வரும். ஏமாறாமலிருக்கத் தராசு போதும். நல்ல 18650 செல் 45 கிராம் இருக்கும். போலி முப்பதைத் தாண்டத் திணறும். சில போலிகளுக்குள் இன்னொரு சின்ன செல்லை வைத்து மிச்ச இடத்தை மாவால் நிரப்பியிருப்பதைப் பிரித்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். எல்.எஃப்.பி.யையும் எடைபோட்டே வாங்குங்கள்.

பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து எடுத்த செல்கள் இன்னும் மலிவு. வடகிழக்கு டெல்லியின் சீலம்பூரில் மின்கழிவு பிரிக்கும் சந்துகளில் இவை குவியலாக வரும். 2014-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்திய ஆய்வகம் இதைச் சோதித்தது: தூக்கியெறிந்த லேப்டாப் பேட்டரிகளில் 70 சதவீதம், ஒரு எல்.இ.டி. விளக்கை நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓராண்டு எரிக்கப் போதுமான உயிரோடு இருந்தன. யோசனை அருமை. ஆனால் ஒவ்வொரு செல்லையும் தனியாக அளந்து தேர்ந்தெடுக்கும் பொறுமையும் கருவியும் இருப்பவர்களுக்குத்தான் இது. குழந்தை படிக்கும் மேசையில் வைக்கப் போகும் விளக்குக்கு, வரலாறு தெரியாத செல்லை நான் போடமாட்டேன்.

கோப்பதில் சொல்ல அதிகமில்லை. பேனல், சார்ஜர் போர்டு, பாதுகாப்பு போர்டு, செல், ஸ்விட்ச், ரெசிஸ்டர், எல்.இ.டி. பட்டை, இந்த வரிசைதான். செல்லின் தலையில் நேரடியாகச் சால்டர் வைக்காதீர்கள். சூடு உள்ளே போய்க் கெடுக்கும். நிக்கல் பட்டை வெல்டு செய்த செல்லாகக் கேளுங்கள், அல்லது ஹோல்டர் வாங்குங்கள். செல்லை பேனலின் முதுகில் ஒட்டாதீர்கள். தோட்ட விளக்குகளில் அப்படித்தான் செய்கிறார்கள். மே மாதத்தில் அந்த 65 டிகிரி முதுகில் கிடக்கும் செல் சீக்கிரமே கிழடாகும். நீளமான கம்பி விட்டு, பேனல் வெளியே, செல் வீட்டுக்குள். இருட்டினால் தானே எரியும் அமைப்பும் எளிதுதான், பேனலின் வோல்ட்டேஜ் விழுவதைப் பார்த்து ஒரு டிரான்சிஸ்டர் அதைச் செய்துவிடும். ஜனவரிக்கு அது வேண்டாம். மாலை ஐந்தரைக்கே இருட்டத் தொடங்கும். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்து, இரவுக்கென்று ஒதுக்கிய 4.5 வாட்-மணியைத் தின்றுவிடும். கையால் போடும் ஸ்விட்ச் போதும்.

மும்பை ஐ.ஐ.டி.யின் சோலார் விளக்குத் திட்டத்தில், விளக்குகளை ஊரிலேயே கோத்து, ஊரிலேயே பழுது பார்க்கும்படி உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ராஜஸ்தானின் துங்கர்பூரில் அப்படித் தொடங்கிய பெண்கள் இன்று பேனல் செய்யும் ஆலையையே நடத்துகிறார்கள். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரிந்த ஒருவர் தெருவில் இருந்தால், ஐம்பது ரூபாய் ஸ்விட்ச் கெட்டதற்காக ஒரு விளக்கு பரணுக்குப் போகாது. அன்றைக்கு உள்விளையாட்டரங்கில் கின்னஸைவிடப் பெரிய லாபமாக நான் பார்ப்பது, தங்கள் விளக்கைப் பிரிக்கத் தெரிந்த அத்தனை பிள்ளைகளையும்தான்.

நல்ல எல்.எஃப்.பி. செல் இரண்டாயிரம் சார்ஜ் சுற்றுகள் தாங்கும். தினம் முழுதாகக் காலி செய்தாலும் ஐந்தாண்டுக்கு மேல் ஓடும். அதற்குப் பிறகு அதைப் பழைய சாமான் வாங்கும் கபாடிவாலா விரும்பி எடுக்கமாட்டார். உள்ளே கோபால்ட் இல்லை, பிரித்தெடுத்து விற்கக் காசு பெறாது. அதற்காகக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. மின்கழிவு சேகரிப்பு மையங்களும் வாங்கிக்கொள்ளும். கொடுப்பதற்கு முன் செல்லின் இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள்.